மஞ்சள் தண்ணீரும் மைனஸ் பதினைந்தும்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய வருடம். ரிமோட்டில் பூட்டும் எங்கள் முதல் காரும் அப்போதுதான் வந்திருந்தது. தைப்பொங்கலன்று சூரியனுக்குப் படைத்த கையோடு, என் கணவர் காருக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார். வெளியே மைனஸ் பதினைந்து.

நான் வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பார்க்கும் தாதி. மத்தியானம் ஒருவர் இன்சுலின் ஊசிக்குக் காத்திருப்பார். புறப்பட்டு ரிமோட்டை அழுத்தினேன். கதவுகள் ‘டக்’ என்றன, ஒன்றும் திறக்கவில்லை.

“ரிமோட்டின்ரை பற்றரி முடிஞ்சுது,” என்றார் இவர்.

“முடிஞ்சால் சத்தம் வருமே? பூட்டுத் திறந்திட்டுது. கதவு ரப்பர்தான் ஐஸிலை ஒட்டியிருக்கு.”

இடுக்கைப் பார்த்தால் ஐஸ் மஞ்சளாகவே இருந்தது. இவர் கைப்பிடியைப் பிடித்து இழுக்கப் போனார். முறிந்துவிடும் என்று தடுத்தேன். பிறகு சுடுதண்ணீர்க் கேத்தலோடு வந்தார்.

“அதுவும் உறைஞ்சு பூட்டுக்குள்ளை இறுகும். இண்டைக்கு நீங்கள் ஊத்தினது காணும்!”

நல்லவேளை, கை விறைத்ததால் இவர் காரின் பின்பக்கம் தெளிக்கவில்லை. டிக்கி திறந்தது. கோட்டோடு அதற்குள்ளால் தவழ்ந்து போய், சாரதிக் கதவை உள்ளிருந்து தோளால் தள்ளினேன். படாரென்று திறந்தது. ஊசிக்கு நேரம் தவறவில்லை.

இப்போது குளிர் தொடங்கமுன்பே கதவு ரப்பர்களைத் துடைத்து சிலிக்கன் பூசிவிடுகிறேன். பூட்டு உறைந்தால் அடிக்கும் ஸ்பிரேயைக் காருக்குள் அல்ல, கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குக் காருக்கு ஒரு சந்தனப் பொட்டு மட்டும்தான். மஞ்சள் தண்ணீருக்குக் கார் சித்திரை வரை காத்திருக்கட்டும்.