ரேஸ் டீம் எடுத்த மடிப்பிச்சை

காலை ஐந்தே முக்காலுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். முந்தின நாள் என் கல்லூரித் தோழி உஷா போனில் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு ஆடி வெள்ளி. எங்க டிரைவர் லோகேஷ் ஊர்ல ஒரு வேண்டுதல். டீமே போறோம். ஊர் ஊராச் சுத்தி எழுதறியே, இதையும் வந்து பாருடி."

எனக்கு அப்போதே ஆச்சரியம். என் கல்யாணத்தில் ராகுகாலம் முடியட்டும் என்று தாலிகட்டை அரைமணி தள்ளிவைத்தபோது மண்டபம் அதிரக் கைகொட்டிச் சிரித்தவள் இந்த உஷா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். கூடவே சின்னதாக ஒரு கார் பந்தய டீமும் நடத்துகிறாள். அவளுக்கும் வேண்டுதலுக்கும் என்ன சம்பந்தம்?

லோகேஷைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வாள். சாலவாக்கம் பக்கத்துப் பையன். அப்பா இல்லை, அம்மா அஞ்சலை கழனி வேலைக்குப் போகிறவள். ஒர்க்‌ஷாப்பில் கார் கழுவ வந்தவன், ஒரு நாள் பந்தய மைதானத்தில் வண்டியை இடம் மாற்றி நிறுத்தச் சொன்னபோது ஒரு சுற்று ஓட்டிக் காட்டியிருக்கிறான். உஷா அசந்துபோய் அவனையே டிரைவர் ஆக்கினாள். போன வருஷம் கோப்பை வாங்கினான். இந்த வருஷம் சனி பிடித்துக்கொண்டது. முதல் பந்தயத்தில் கியர்பாக்ஸ் போனது. இரண்டாவதில் முதல் வளைவிலேயே புல்தரையில் போய் நின்றான். மூன்றாவதில் வண்டி மூன்று குட்டிக்கரணம் போட்டது. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த வீடியோவை உஷா அனுப்பியபோது, நேரில் பார்த்தே இராத அந்தப் பையனை நினைத்து, முழுதாகப் பார்க்காமலே போனை அணைத்துவிட்டேன். இன்னும் ஒரு பந்தயம் பாக்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் சுமார் முப்பது கிலோமீட்டர். எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கி, எதிர்க்கடையில் இரண்டு இட்லி, ஒரு டீ. முப்பத்திரண்டு ரூபாய். உத்திரமேரூர் என்றால் எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருவார்கள். எனக்கு நேரமில்லை, சாலவாக்கம் டவுன் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் எதிரே வரிசையாக வர, ஜன்னலோரம் உட்கார்ந்த என் தலை புழுதியில் பத்து நிமிஷத்தில் நரைத்தது. ஏற்கெனவே நரைத்ததுதான், மிச்சமும் போயிற்று.

பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மாள். லோகேஷ் ஊருக்குப் போகிறேன் என்றதும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அஞ்சல கீறாளே, பொம்பளயா அவ? புள்ள டிவில வந்தான், நம்மூரு பேரு வந்துச்சு. அவன இட்டுக்கினு போயி பொன்னியம்மன் கோயில்ல சூடத்த அணைச்சி சத்தியம் வாங்கிட்டா, இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்னு. பெத்தவளே புள்ள வாய்க்கைல மண்ணப் போட்டா இன்னா பண்றது?"

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் செய்த சத்தியம். மீறினால் குலமே நாசம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அஞ்சலை மேல் கோபம் வந்தது. ஒரு விபத்துக்குப் பயந்து இப்படியா பையனைக் கட்டிப்போடுவது?

சாலவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஒன்பதரைக்குக் கோயில் முன்னால் இறங்கினேன். வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, அடுப்பில் பெரிய அண்டா. டீம் வேன் நின்றது. உஷாவைத் தேடினேன். மஞ்சள் புடவை கட்டி, முகத்தில் மஞ்சள் பூசி, செருப்பில்லாமல் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ என்று திரும்பிக்கொண்டேன்.

"ஏய், நான்தான்டி!"

தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷமாக ஜீன்ஸைத் தவிர எதிலும் பார்க்காத உஷா!

"என்னடி கோலம் இது?"

"மடிப்பிச்சை எடுக்கப் போறேன். வீடு வீடா முந்தானைய ஏந்தி அரிசி, நொய், கேழ்வரகு மாவு வாங்கணும். அதைப் போட்டுத்தான் இன்னிக்கு அம்மனுக்குக் கூழ். சத்தியத்தை எடுக்க வேற வழியே இல்லையாம்."

பக்கத்தில் நின்ற பூசாரி எனக்கு விளக்கினார். "சத்தியத்த வாங்குனவ கையாலயே மடில பிடி நொய் வியணும். அஞ்சல போட்டுட்டா பொன்னியம்மா மன்னிச்சிருவா. அவ போடலன்னா, ஊரே கொட்டுனாலும் செல்லாது."

விபத்துக்கு அப்புறம் வேறு டிரைவர்கள் லோகேஷின் இடத்துக்கு நான் நீ என்று வந்து கேட்டும் உஷா கொடுக்கவில்லை என்பது தெரியும். "அந்த சீட் அவனோடது" என்று காலியாகவே வைத்திருந்தாள். அதற்காக ஊரார் வாசலில் மடியேந்துவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அடுத்த அதிர்ச்சி கவுஸ் பாய். டீமின் தலைமை மெக்கானிக், காஞ்சிபுரத்துக்காரர். தலையில் தொப்பியோடு, கையில் மஞ்சள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு புறப்பட்டு நின்றார்.

"பாய், நீங்களுமா?"

"அந்த வண்டிய கயட்டி மாட்டுனது யாரு? நானு. அது உருண்டதுக்கு நான் கேக்காம வேற எவன் கேப்பான்? சாமிக்கி பாய் இன்னா, ஐயர் இன்னா, நடங்கம்மா!"

பம்பை அடித்துக்கொண்டு முதலில் ஊர்த்தெரு. "தாயே, மடிப்பிச்சை" என்று உஷா கேட்டபோது முதல் வீட்டில் குரலே எழும்பவில்லை. மூன்றாவது வீட்டுக்கு வருவதற்குள் கணீரென்று வந்துவிட்டது. ஒரு மாடி வீட்டுக்காரர் யாருக்காக என்று கேட்டார். காலனிப் பையனுக்கு என்றதும் உள்ளே போனவர் போனவர்தான். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு அடுத்த வீட்டு அம்மாள் ஒரு படி அரிசியைக் கொட்டி, "அவருக்கு ஆவாது, நீ உடும்மா. நம்ம புள்ள செயிக்கணும்" என்றாள்.

லோகேஷ் எங்களுக்குப் பின்னாலேயே வந்தான். ஒல்லி, சின்னக் கண்கள், தலை நிமிரவே இல்லை. நான் பேச்சுக் கொடுத்தேன்.

"அம்மா மேல கோபமாப்பா?"

"ஐயோ, எங்கம்மாவ ஒன்னும் சொல்லாதீங்க மேடம்" என்றான். குரல் உடைந்திருந்தது. அவமானம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்குக் காலனி. இங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை, உஷாவின் மடி கனத்து அவளால் நடக்க முடியவில்லை. கடைசி வீடு அஞ்சலையுடையது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. தெருவே கூடிவிட்டது. பம்பை நின்றது.

அஞ்சலை வாசற்படியில் நின்றாள். கையில் முறம், முறத்தில் நொய். ராட்சசி மாதிரி ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். என் தோள் உயரம்கூட இல்லாத, கன்னம் ஒட்டிய பெண்.

"தாயே, மடிப்பிச்சை."

அவள் அசையவில்லை. "மடியேந்தி வந்தவங்கள வெறுங்கையா அனுப்புறது பாவந்தான் மேடம். ஆனா நான் போட மாட்டேன்."

"அக்கா, ஒவ்வொரு போல்ட்டையும் நானே நின்னு பாக்கறேன். என் புள்ள மாதிரி பாத்துக்கறேன். அவன்கிட்ட இருக்கிற திறமை நூத்துல ஒருத்தன்கிட்ட இருக்காதுக்கா" என்ற உஷா, மடியைப் பிடித்தபடியே சட்டென்று மண்டியிட்டு அவள் காலைத் தொட்டாள்.

கூட்டம் கொதித்துவிட்டது. "போடு அஞ்சல! இன்னா திமிரு உனுக்கு!" என்று ஒருவன் கத்தினான். "பெத்த புள்ள முன்னுக்கு வர்றது பொறுக்கல இவளுக்கு" என்றாள் இன்னொருத்தி. அஞ்சலை யாருக்கும் பதில் சொல்லவில்லை. உஷாவைத் தாண்டி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க! எங்கம்மாவ பேசாதீங்க!"

லோகேஷ்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

"அம்மா சத்தியம் கேக்கவே இல்ல. நான்தான், என்கிட்ட சத்தியம் வாங்கும்மான்னு அவ கால்ல வியுந்தேன். எனுக்குத்தான் பயம். அந்த வண்டில உக்காந்து பெல்ட்ட போட்டா மூச்சு முட்டுது. கண்ண மூடுனா உருளுறேன். என்னால முடியல மேடம்."

அந்தப் பெண் ஊரின் ஏச்சையெல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு நின்றது இதற்காகவா! பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டு நானும் சேர்ந்துகொண்டு கோபப்பட்டேனே!

உஷா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "லூசுப் பயலே, எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க திட்டியிருந்தா சொல்லியிருப்பேன் மேடம். ஒரு வார்த்த திட்டல. சீட்ட காலியா வெச்சிக்கினு, வண்டில என் பேர எய்திக்கினு, இந்த பாய் தெனமும் போன் பண்ணி 'சாப்ட்டியா நைனா'ன்னு கேட்டுக்கினு... அப்பிடிக்காப்பட்ட ஜனங்க கைல போயி பயமா கீதுன்னு எப்புடி சொல்றது? அதான் அம்மா மேல பழிய போட்டேன்."

கவுஸ் பாய் துண்டில் இருந்த அரிசியைச் சிந்தாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவன் முதுகில் ஒரு அறை விட்டார். பிறகு அதே கையால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? போடா டேய்" என்றார். அவர் தாடி நனைந்திருந்தது.

அப்போதுதான் அஞ்சலை படியிறங்கி வந்தாள். முறத்தில் இருந்த நொய்யை உஷாவின் மடியில் மொத்தமாகச் சரித்தாள். "இப்ப போடறேன் மேடம். வாய்விட்டு சொல்லிட்டான் இல்ல, இனிமே சத்தியம் எதுக்கு? ஏறணும்னா ஏறட்டும், வேணாம்னா இருக்கட்டும்."

கோயிலில் இன்னொரு சிக்கல். கூழ் ஊற்றுமுன் வேண்டுதல் இன்னதென்று பூசாரி அம்மனிடம் சொல்லவேண்டும். "அந்த புள்ள வண்டி ஓட்டணும்னு ஆரமிச்சோம். இப்ப இன்னான்னு சொல்றது?" என்று கரண்டியோடு நின்றார். உஷா என்னைப் பார்த்தாள்.

கவுஸ் பாய்தான் சொன்னார். "புள்ள உசுரோட வூட்ல கீறான். அதுக்குன்னு சொல்லுங்க சாமி."

பூசாரி அதையே உரக்கச் சொல்லி, முதல் கரண்டியை ஊற்றினார். அஞ்சலையை ஏசிய அதே வாய்கள் அவள் கையாலேயே கூழ் வாங்கிக் குடித்தன. முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொள்ள. நான் இரண்டு சொம்பு குடித்தேன்.

இரண்டு மணிக்கு உஷா அவன் எதிரிலேயே போனை எடுத்து, காத்திருந்த இன்னொரு டிரைவரை அழைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டறே. ஆமா, லோகேஷ் சீட்லதான்." இவ்வளவு சீக்கிரமா, அதுவும் அவன் காதுபடவா? ஆனால் லோகேஷ் முகத்தைப் பார்த்தேன். சுமையை இறக்கிவைத்த ஆள் போலப் பெரிதாக மூச்சு விட்டுவிட்டு, அண்டாவிடம் போய் இன்னொரு சொம்பு கூழ் கேட்டான்.

வேன் கிளம்பும்போது ஜன்னலருகே வந்தான். "மேடம், ஞாயித்துக்கெயமை நான் வரலாமா? சும்மா, பாக்க."

உஷா ஜன்னல் வழியே கையை நீட்டி அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். கவுஸ் பாய் முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "நாஷ்டா ஆறு மணிக்கு. லேட்டா வந்தா ஒன்னும் மிஞ்சாது, சொல்ட்டேன்."

உத்திரமேரூரில் என்னை இறக்கிவிட்டார்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. எங்கள் வீட்டில் எந்த ஆண்பிள்ளையும் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. போன வருஷம் என் கணவரை இருதய ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதுகூட, என்னைத் திரும்பிப் பார்த்து, "கரண்ட் பில் கட்டிடு" என்றுதான் சொன்னார். நானும் அவர் தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். கணவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கால்கூடக் கழுவாமல் எதிரில் போய் நின்று கேட்டேன்: "அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறப்ப பயந்தீங்களா?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"ரொம்ப" என்றார்.