மூச்சு அண்ணனின் இருமல்

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை உதவியாளரை எல்லோரும் "மூச்சு அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று கத்தி, ஊசி எதுவும் இல்லாமல் காந்தத்தாலேயே அளக்கிற எம்.ஆர்.ஐ. மிஷின் அங்கே வந்து நாலு வருஷமாகிறது. ஓடுகிற ரத்தத்தை அது படம் பிடிக்கும்போது படுத்திருப்பவர் இருபது செகண்ட் மூச்சை நிறுத்தணும். மூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் போகும், படம் தண்ணியில் நனைந்த காகிதம் மாதிரி குழம்பிவிடும். மிஷினோடு வந்த குரல் யாருக்கும் புரியாத பாஷையில் இருந்தது. சொன்னது புரியாமல் பாதிப் பேர் நேர்மாறாகச் செய்தார்கள். கடைசியில் இவரைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திக் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். லாரியில் மூட்டை ஏற்றிய காலத்துத் தொண்டை, கணீரென்று இருந்தது.

"மூச்சை இழுங்க... விடுங்க... இழுங்க... அப்படியே நிறுத்துங்க." இருபது செகண்ட் கழித்து, "இப்ப விடுங்க." கூடவே ஒரு சின்ன இருமல்.

அந்த இருமல் அவருக்கு மானப் பிரச்சினை. "அதை வெட்டித் தொலைங்கம்மா" என்று டெக்னீஷியன் பொண்ணிடம் நாலு வருஷமாகச் சொல்கிறார். "அடுத்த வாரம்ணே" என்று அவளும் நாலு வருஷமாகச் சொல்கிறாள்.

ஒரு நாளைக்கு இருபது பேர் அவர் பேச்சைக் கேட்டு மூச்சு விட்டார்கள். சாயங்காலம் தன் வாடகை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், சோறு வெந்துவிட்டதா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. கட்டியவள் இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் தம்பி வீடுதான் வீடு. தம்பிக்கு ஈரல் கெட்டுப்போனபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுத்தார். மூட்டை தூக்கும் வேலை அதோடு போச்சு. அதற்கெல்லாம் அவர் வருத்தப்படவில்லை.

கொடுத்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. முடிவெட்டுகிற கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் அதே பேச்சு. தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "இவன் உட்கார்ந்திருக்கிறதே என் ஈரல்லதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தம்பி எழுந்து நின்று, "வேணும்னா இப்பவே அறுத்து எடுத்துக்கிட்டுப் போ" என்றான். ஆறு வருஷம் ஆகிறது. போனைக்கூட எடுப்பதில்லை.

அன்றைக்குக் காலையில் நோயாளிகள் பட்டியலில் தம்பி பெயர் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் கோளாறு, கொடுத்த ஈரலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கணும். போகவில்லை என்றால் மறுபடி வயிற்றைத் திறக்கணும்.

"நீங்களே உள்ள கூட்டிட்டுப் போங்கம்மா. எனக்குத் துணி அடுக்குற வேலை இருக்கு" என்று டெக்னீஷியன் பொண்ணிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த துணி அறைக்குள் நுழைந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் ஓடி வந்தாள்.

"அண்ணே, யாரு இந்த ஆளு? உங்க குரலோட சண்டை போடுறாரு!"

"என்ன சொல்றான்?"

"இழுங்கன்னா, 'நீ சொல்லி நான் இழுக்கணுமா'ங்கிறாரு. நிறுத்துங்கன்னா, 'முதல்ல நீ நிறுத்து'ங்கிறாரு. மூணு தடவை எடுத்தாச்சு, மூணும் கெட்டுப் போச்சு. இப்படியே போனா டாக்டர் ஊசி போட்டுத்தான் பார்க்கணும்பாரு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் தம்பிம்மா. என் குரலை நிறுத்திடுங்க. நீங்க சொல்லுங்க."

"மிஷினையும் பார்த்துக்கிட்டு கணக்கும் வச்சுக்கிட்டு எப்படிண்ணே?"

"கணக்கு என்கிட்ட இருக்கு. நான் கையைக் காட்டுறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் மைக்கைப் பிடித்தாள். உள்ளே குழாய்க்குள்ளிருந்து தம்பியின் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. மெலிந்துவிட்டிருந்தது. இவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கையை உயர்த்தினார். "இழுங்க" என்றாள். தாழ்த்தினார். "விடுங்க." மறுபடி உயர்த்தி, அப்படியே வைத்தார். "நிறுத்துங்க." கை இறங்கவில்லை. தானும் மூச்சை நிறுத்திக்கொண்டார். மிஷின் தடதடவென்று அடித்தது. இருபது வந்ததும் கையை இறக்கினார். உள்ளே பாதம் அசையவே இல்லை. பொம்பளைப் பிள்ளை சொன்னதும் பயல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

இப்படி ஆறு தடவை. படம் வந்தது. ஈரலுக்குள் ரத்தக் குழாய்கள் மரத்தின் கிளை மாதிரி வெள்ளையாகப் பிரிந்து ஓடின.

"டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்று அவள் மெல்லச் சொன்னாள். "நல்லாத்தான் ஓடுதுண்ணே."

என் ஈரலாச்சே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுத் துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவுக்கு வெளியே பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல்.

"ஏம்மா, அந்தக் குரல் ஆளுக்கு இன்னும் அந்த இருமல் போகலையா?"

"நீங்களே கேளுங்களேன். அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்காரு."

இவருக்குத் தொண்டையில் கரகரவென்று வந்தது. தலையணை உறையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வேணாம்மா. அந்த ஆளு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு." செருப்புச் சத்தம் இரண்டு எட்டு வைத்து நின்றது. "அந்த இருமலை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

செருப்புச் சத்தம் நடைபாதை முழுக்கப் போய்த் தேயும் வரை அவர் உறையை எடுக்கவில்லை. எடுத்ததும் இருமித் தீர்த்தார், கண்ணில் தண்ணி வருகிற அளவுக்கு.

"உங்க தம்பியை ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்கு" என்றாள் அவள், கதவைத் திறந்து. "அடுத்த ஆள் ரெடி. உங்க குரலைப் போடட்டுமா?"

"போடுங்க."

"இன்னிக்கு எனக்கு நேரம் இருக்கு, அந்த இருமலை வெட்டிடுறேன்."

"வேணாம்மா" என்றார் அவர். "அது கெடக்கட்டும்."