முதல்ல ஒரு தாலி, அப்புறம்தான் சிங்க்!

இன்று காலை எடிட்டிங்கில்... மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். வாயைத் திறக்கிறார்.

"கேசரியில முந்திரியே இல்லையாமே?"

சத்தியமாக அந்த நேரத்தில் அவர் சொன்னது இது இல்லை!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதா என்னை முறைத்தாள். அந்தத் தாலி ஏறிய கழுத்து அவளுடையது. புனே பக்கம் தேஹு ரோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, கொஞ்ச தூரத்திலிருக்கும் வாகடுக்கு வாழப்போய் ஒரு வாரம்தான் ஆகிறது.

விஷயம் இதுதான். தாலி கட்டும்போது மாப்பிள்ளை பிரகாஷ் இவள் காதருகே குனிந்து ஏதோ சொல்லியிருக்கிறார். கெட்டிமேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இவளும் எல்லாம் புரிந்த மாதிரி சிரித்துத் தலையாட்டிவிட்டாள். (மரியாதையாம்!)

வீட்டுக்குப் போய்க் கேட்டால், "அதுவா? மறந்துபோச்சே" என்றாராம்.

"தாலி கட்டறப்போ சொன்னதையே மறக்கற ஆளோட நான் எப்படிடி காலம் தள்றது?"

இரண்டு நாளாகப் பேச்சில்லை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாண வீடியோவுக்கு முன்னாலேயே முதல் சண்டை ரிலீஸ்!

நல்லவேளை, வீடியோ எடுத்த நாங்கள் மாப்பிள்ளை சட்டையில் குட்டி மைக் மாட்டி, பையில் ரெக்கார்டர் வைத்திருந்தோம். படம் கேமராவில், குரல் ரெக்கார்டரில். இரண்டையும் பொருத்தினால் சிங்க். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்!

ஆட்டோ சிங்க் பட்டனை அழுத்தினேன். மேளச் சத்தம் எங்கே கேட்டாலும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. நம் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கா பஞ்சம்? யாராவது விரலை ஆட்டினாலே வாசித்துவிடுகிறார்கள். மெட்டி போடும்போது அடித்த மேளத்தைத் தாலியில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று பச்சை டிக் வேறு. அதனால்தான் முந்திரி.

சரி, டைம்கோடைப் பார்ப்போம். அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மெஷின் குத்தும் நேர முத்திரை. கேமராவில் ஒழுங்காக இருக்கிறது. ரெக்கார்டரில்? ஒரே ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு துண்டாக ஒரு மூட்டை. ஒவ்வொன்றும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. கடைசித் துண்டு மட்டும் நீளமோ நீளம்.

கிளாப்பாவது இருக்கும் என்று தேடினேன். ஆரம்பத்தில் யாராவது கேமரா முன்னால் கை தட்டியிருந்தால், கை சேரும் ஃபிரேமில் அந்தச் சத்தத்தை வைத்துவிடலாம். அதுவும் இல்லை!

அன்று நான் இன்னொரு கேமராவோடு மணப்பெண் அறையில் மாட்டிக்கொண்டேன். மேடைப் பொறுப்பு தென்காசியிலிருந்து வந்திருந்த என் சித்தி மகன் செல்வத்திடம். என்ன செய்ய வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்பியிருந்தேன்.

ஸ்பீக்கரில் போனைப் போட்டேன். "டேய் செல்வம், தாலி எங்கடா?"

"எக்கா, அது பொண்ணு கழுத்துலல்லா கிடக்கு! தொலைச்சிட்டாவளா?"

(கவிதா பதறிப்போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.)

"அது இல்லடா! ரெக்கார்டிங் ஆரம்பிச்சதும் ஒரு தாலின்னு சொன்னேன்ல? ரெக்கார்டரை ஏன் ஆஃப் பண்ணிப் பண்ணிப் போட்டே?"

"நீங்கதானக்கா சொன்னிய! 'ரெண்டையும் ஆன் பண்ணு, முதல்ல ஒரு தாலி, அதுக்கப்புறம் எதையும் ஆஃப் பண்ணாதே'ன்னு. தாலிக்கு முன்னாடி பேட்டரிய எதுக்கு வீணாக்கணும்னு அப்பப்ப அணைச்சேன். தாலிக்குப் பொறவு நான் கையே வைக்கலயே!"

"அடப்பாவி!"

"ஒரு தாலின்னு ஏன் சொல்லுதாவன்னு எனக்கும் சந்தேகந்தான். பூனாவுல எத்தன கட்டுவாவளோன்னு விட்டுட்டேன்."

நான் தேஹு ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்தியில் தாலி என்றால் கைதட்டல். அது தமிழ் இல்லை என்பது இந்த நிமிடம் வரை என் மண்டையில் ஏறவே இல்லை!

அடுக்களையிலிருந்து என் அம்மா குரல்: "கை தட்டுன்னு தமிழ்ல சொல்ல வராதாடி உனக்கு?"

(ஹோட்டல் தாலி மீல்ஸ் என்று நினைத்து மேடைக்குச் சாப்பாடு அனுப்பாமல் விட்டானே, அதுவரைக்கும் புண்ணியம்.)

ஆக, நிஜத் தாலி அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். மேளம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் 'டணார்' என்று ஒரு சத்தம். கேமராவில் தேடினால், மேடையில் ஒரு சொம்பு விழுந்து எகிறுகிறது. தட்டிவிட்டது யார்? மாப்பிள்ளை பையில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு அவசரமாகத் திரும்பும் நம்ம செல்வம்! கையால் அடிக்கச் சொன்ன கிளாப்பைக் காலால் அடித்திருக்கிறான்!

சொம்பு தரையைத் தொடும் ஃபிரேமில் அந்தச் சத்தத்தை வைத்தேன். உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்தின. ஸ்பீக்கரைப் போட்டேன். மறுபடி முந்திரி வந்தால் இவள் என்ன செய்வாளோ!

மாப்பிள்ளை குனிகிறார்.

"கவி, காலு ரெண்டும் மரத்துப்போச்சு. எழுந்துக்கறப்போ என்னைக் கொஞ்சம் கெட்டியா பிடிச்சுக்கறியா?"

திரையில் இவள் வெட்கத்தோடு தலையாட்டுகிறாள். பிறகு அவர் எழுந்து தள்ளாட, இவள் பதறிப்போய் அவர் கையைப் பிடிக்கிறாள். மண்டபமே விசில்! (நான் வேறு இதை ரொமான்ஸ் என்று நம்பி ஸ்லோமோஷன் போடத் திட்டமிட்டிருந்தேன்.)

கவிதா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையா மறந்துட்டேன்னு சொன்னாரு?"

"வெக்கமா இருந்திருக்கும்டி."

எனக்கே மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அவள் போனை எடுத்தாள். இரண்டு நாளைக்கப்புறம் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை:

"கால் இப்போ எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை.

இந்தத் தடவை ஆடியோவில் கோளாறு ஒன்றும் இல்லை.