இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்ததாகச் சொன்னேன்

சீனாத் தங்கச்சி, நீர் போய்விட்டீர் என்ற செய்தி எனக்கு வேலையிடத்தில் வந்தது. முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றேன். மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, உங்கட சீனா அன்ரி இண்டைக்குக் காலமை ஆஸ்பத்திரியிலை செத்துப்போனா" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அதை எழுதத்தான் நமது சங்க மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

ஒஸ்லோவில் அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் அவர் முனைவர் பூங்கோதை, எனக்குச் சீனாத் தங்கச்சி. திருநெல்வேலியில் பிறந்து, சீன மொழி படித்து, இங்கே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சி செய்தவர். சீனக் கிராமங்களை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற தாய் தகப்பனையும், அவர்கள் ஊரில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளையும் பற்றியதுதான் அவருடைய வேலை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அவர் எழுதியவை எனக்கு விளங்காது. வாயால் சொன்னதுதான் தெரியும்.

முதலில் அவரைக் கண்டது கோயில் மண்டபத்தில். அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். அவரும் கத்தி எடுத்துக்கொண்டு வந்து இருந்தார். சொர்ணம் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இந்தியாவிலை பிறந்து, நோர்வேயிலை இருந்துகொண்டு சீனாக்காரரை ஆராயிறாவாம். எங்களைப் பார்க்க ஒருத்தருமில்லை" என்றார். பூங்கோதை தலை நிமிராமல், "உங்களையும் பாக்குறேன்க்கா. உண்மையச் சொல்றதா இருந்தா வர்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். "அப்ப என்ரை வீட்டை வாரும்" என்று கூப்பிட்டது நான்தான்.

மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வந்து இருந்தார். சீனாவில் பிள்ளையின் பதிவு கிராமத்தில் இருந்தால் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பெரும்பாடாம். ஆகவே இரண்டு பிள்ளை உள்ளவர்கள் பலர் ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்களாம். அப்படி மகனைக் கூட்டிப்போய், மகளை ஊரில் விட்ட ஒருத்தியின் கதையைச் சொன்னார். நான் உடனே, "கல்நெஞ்சுக்காரி. பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போக எப்பிடி மனம் வந்தது?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நான் அவங்க அறையில பத்து நாள் தங்கியிருந்தேன். மகளோட பழைய சட்டையைத் தலையணை உறையாத் தைச்சு வச்சிருந்தாங்க" என்றார். பிறகு கொப்பியைத் திறந்து, "நீங்க வந்தப்போ பிள்ளைங்க எப்படி வந்தாங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தனான். களவாய் ஆக்களைக் கூட்டி வாற ஏஜென்சிக்காரன் ஒரு பிள்ளைதான் எண்டவன். ரெண்டும் வந்தால்தான் நானும் வருவன் எண்டு சொல்லிப்போட்டன்."

உண்மை இது. என் கணவர் முதலே இங்கே வந்துவிட்டார், எங்களைக் கூப்பிட விசா கிடைத்திருக்கவில்லை. ஏஜென்சிக்காரன் ஒரு பிள்ளை என்றதும் நான் மூன்று வயது மகனைத் தூக்கினேன். ஐந்து வயது மகளை மச்சாளிடம் விட்டேன். அவளைக் கூப்பிடக் கடிதாசி சரிவந்தபோது, அங்கே சண்டையால் ஊர்ப் பாதை மூடிக் கிடந்தது. எட்டு வருடம் கழித்து அவள் ஒஸ்லோவில் வந்து இறங்கினாள். என்னைக் கண்டதும் கை கூப்பி, "வணக்கம்" என்றாள். அந்தச் சீனத்தியை ஏசிய வாயால் இதை எப்படிச் சொல்வேன்?

பூங்கோதைக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் சொன்னதை எழுதி, இன்னொரு நாள் கொண்டுவந்து எங்களுக்கே வாசித்துக் காட்டுவார். "முதல் தடவை அதிகாரிக்குச் சொல்ற மாதிரி சொல்லுவாங்க. ரெண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்குச் சொல்ற மாதிரி. மூணாவது தடவைதான் தனக்குத்தானே சொல்லிக்குவாங்க" என்பார். ஆகவே எந்த வீட்டுக்கும் மூன்று தரம் போவார். எனக்கும் வாசித்தார். நான் சொன்ன பொய் அவருடைய குரலில் வடிவாக இருந்தது. "இதுல ஏதாவது மாத்தணுமாக்கா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பெயர் சொல்லாமல் நமது சங்கக் கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சீனக் கிராமங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், நம்மவர்களிலும் ஒரு தாய் இருக்கிறார், இரண்டும் வந்தால்தான் நானும் வருவேன் என்று சொன்னவர் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். என் பக்கத்தில் மகள் இருந்தாள். அவளும் தட்டினாள். தட்டிவிட்டு என் காதுக்குள், "அது ஆரம்மா?" என்று கேட்டாள்.

"ஆரோ பேர்கன் பட்டணத்திலை இருக்கிற மனிசியாம்" என்றேன்.

மகள் மேடையைப் பார்த்துக்கொண்டே, "குடுத்து வச்ச பிள்ளையள்" என்றாள்.

அதன் பிறகு பூங்கோதை மூன்றாம் தரம் வர நாள் கேட்டார். வேலை என்றேன், காய்ச்சல் என்றேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் வந்து மணி அடித்தார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதவு ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். பெரிய குளிர் அங்கியில் அவர் மிகவும் சின்னதாகத் தெரிந்தார். மறுபடி அடித்தார். பிறகு கதவோடு நின்று, "அக்கா, ஆராய்ச்சிக்கு வரல. சும்மாதான் வந்தேன்" என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. படியில் அவர் மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கியது கேட்டது. அவருக்கு நோய் முற்றியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு முகமில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எழுதியதை, யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கே வாசித்துக் காட்டுவது. இதை நேற்று மகளுக்கு வாசித்தேன். மாற்ற வேண்டியது ஏதும் இருக்கோ என்று கேட்டேன். அவள் தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். பிறகு, "ஏழு வருசம் இல்லையம்மா, எட்டு" என்றாள். எட்டு என்று மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தாள்.

சீனாத் தங்கச்சி, நான் சொன்னது பொய் என்று உமக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று சில நேரம் நினைக்கிறேன். எத்தனை தாய்மாரைக் கேட்டவர் நீர். அந்தச் சனிக்கிழமை, அத்தனை படி ஏறி வந்து, நீர் எனக்குச் சொல்ல வந்தது என்ன?