கூரைமேல் மேரக்காய்

மகள் வனிதா வீட்டை விட்டுப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமும் பொன்னாயி, சௌசௌ என்கிற மேரக்காயில் கூட்டுதான் வைத்திருந்தாள். முந்தின நாள் பொரியல், அதற்கு முன்னால் தோலில் துவையல். தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து அரவேணுப் பக்கம் கொழுந்து பறிக்கக் கூப்பிடுவார் இல்லை. தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டுக் கூரைமேல் படர்ந்த கொடிதான் நாலு பேருக்கும் ராச்சாப்பாடு போட்டது. ராத்திரிக்கு என்ன என்ற கவலை மத்தியானமே பொன்னாயியின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் தின்றபின் சட்டியில் ஒட்டியிருந்தால் அவளுக்கு உண்டு.

"வெல எறங்காம காய்க்கறது நம்ம கொடி ஒண்ணுதான்" என்றான் புருஷன் தங்கவேலு.

வனிதா தன் தட்டைத் தம்பி அருண்பிரசாத் பக்கம் தள்ளினாள்.

"இன்னைக்கும் இதுதானா? மாட்டுக்குக்கூட மாத்திப் போடுவாங்க."

"மகாராணிக்குக் கறிச்சோறு வேணுமாக்கும்! சம்பாரிச்சுத் தின்னுடி" என்றாள் பொன்னாயி.

"அதுக்குத்தான் போறேன். பக்கத்து ஊட்டு சுசீலாக்கா பனியன் கம்பெனில சேத்துவிடுது. ரோட்ல நிக்குது. இனி இந்த ஊட்ல கை நனைக்க மாட்டேன்."

பதினாறு வயது, வெறும் வயிறு. பொன்னாயி வழியனுப்பக்கூடப் போகவில்லை. பஸ் சத்தம் வளைவில் அடங்கியதும் அரிவாளை எடுத்துக் கொடியை அடியோடு வெட்டினாள். கிழங்கையும் தோண்டி எறிந்தாள். அதன்பின் பல ராத்திரிகள் வெறும் ரசத்தோடு கழிந்தன.

திருப்பூரிலிருந்து பணம் வந்தது, மகள் வரவில்லை. கல்யாணமும் அங்கேயே நடந்தது, இவர்கள்தான் போய்வந்தார்கள். கையில் காசு சேர்ந்த பிறகு, ஒரு வாரத்தில் ஒரே காய் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொண்டாள் பொன்னாயி. மேரக்காயைச் சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் சமையல்தான் பிள்ளையைத் துரத்திவிட்டது என்று, உலை வைக்கும்போதெல்லாம் தோன்றும்.

வனிதாவுக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கும் காலத்தில், ஒருநாள் அருண்பிரசாத் செல்போனை அம்மாவின் காதருகே பிடித்தான். வனிதாவின் குரல்.

"அம்மா, இன்னைக்கு எம்புள்ள தட்டத் தள்ளிட்டா. திட்டப் போனேன், எனக்கே அழுக வந்துருச்சு. அன்னைக்குக் கூட்டு புடிக்காம இல்லம்மா. நீ தெனமும் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்ததப் பாத்தேன். ஒரு வாய் கொறையட்டும்னு நேராச் சொன்னா அனுப்பீருப்பியா? அதான் சண்ட புடிச்சேன். பேசுன பேச்சுக்கு வர மொகமில்ல. வர்ற வாரம் புள்ளயக் கூட்டிட்டு வாரேன். கறியெல்லாம் எடுக்காத. நம்ம கொடில ரெண்டு காயப் பறிச்சு, அதே கூட்டு வெச்சுக் குடும்மா."