கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஏலாத குழி

திருகோணமலையிலிருந்து தம்பலகாமத்துக்குப் போன ஒவ்வொரு டெலிபோன் கதையும் என் கையைத் தாண்டித்தான் போனது.

பொய். என் கை வெட்டிய குழியைத் தாண்டிப் போனது. குழிக்குள் கம்பம் நின்றது. கம்பத்தின் மேலே கம்பி ஓடியது. கம்பிக்குள்ளே பெரிய மனிதர்கள் கதைத்தார்கள். நான் கீழே அலவாங்கோடு, குழி தோண்டுகிற கடப்பாரையோடு, நின்றேன். கம்பத்தில் காதை வைத்தால் ஊ என்று ஒரு இரைச்சல் வரும். அது காற்று என்று கங்காணி சொன்னார். மந்திரிமார் இரகசியம் கதைக்கிறார்கள் என்று நான் கூட வேலை செய்தவர்களுக்குச் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்போடு பிரிந்தோம். இரண்டு பகுதிக்கும் கவலையில்லை. அதற்குப் பிறகு கம்பம் நடுகிற கூட்டத்தில் சேர்ந்து, வடக்கே திரியாய் வரைக்கும், இந்தப் பக்கம் தம்பலகாமம் தாண்டியும் மண்ணைத் துளைத்திருக்கிறேன். தம்பலகாமத்தில் யானைக்கு முதுகு அரித்தால் நாங்கள் நட்ட கம்பத்தில்தான் தேய்க்கும். சாய்ந்ததை நாங்கள் போய் நிமிர்த்துவோம். நிமிர்த்தினால் அது திரும்பவும் வரும். யானைக்கு அரிக்கும் வரைக்கும் எனக்கு வேலை போகாது.

ஆனால் டெலிபோனில் நான் ஒருநாளும் பேசியதில்லை. யாரோடு பேசுவது? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கூப்பிடுகிற தூரத்தில் இருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் வந்தது வினை. எனக்கு முப்பது தாண்டி மயிரும் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. அக்காவின் புருஷன், என் அத்தான், மட்டக்களப்பில் ஒரு பெண் பேசினார். அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருந்தேன். பாலையூற்று மாதா கோயில் திருவிழாவுக்கு உறவுக்காரரோடு வந்திருந்தாள். சுற்றுப்பிரகாரத்தில் மாதா சொரூபத்துக்கு மேலே பிடிக்கிற மேற்கட்டியின் ஒரு தடியை என்னிடம் தந்திருந்தார்கள். கம்பம் பிடிக்கிறவன் தானே என்ற நம்பிக்கை. நான் மேலே பார்க்காமல் நடந்து, மேற்கட்டியைப் பூவரசங் கிளையில் கொண்டுபோய்ச் செருகினேன். ஊரே முறைத்தது. ஒருத்தி மட்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல மாதம் அலவாங்கோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் சொல்வதுதான் முடிவு. மாமன் கடை வைத்திருந்தார், கடையில் போனும் இருந்தது.

"பொடியன் டெலிபோனில வேலை எண்டு மட்டும்தான் சொன்னனான்," என்றார் அத்தான். "அதில என்ன பொய்?"

"டெலிபோனுக்குக் கீழ எண்டு சொல்லியிருக்கலாமே, அத்தான்."

"மேலயோ கீழயோ எண்டு அவை கேக்கேல்லை."

மாமன் கேட்டது வேறு. சனிக்கிழமை பத்து மணி போல பொடியன் வேலை செய்கிற கந்தோருக்குப் போன் எடுப்பாராம். குரலைக் கேட்டு, கதைத்துப் பார்த்து, பிறகுதான் பெண் தருவதா இல்லையா என்று சொல்வாராம். அத்தான் கொஞ்சமும் யோசிக்காமல் தபால் கந்தோரை என் கந்தோர் என்று காட்டிவிட்டார். எனக்குக் கந்தோர் என்று ஒன்று இருந்தால் அது தெருவோரத்தில், இடுப்பளவு ஆழத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் காலில் அத்தானுடைய சப்பாத்தும் தலையில் என் வேலைத் தொப்பியுமாகத் தபால் கந்தோர் வாசலுக்குப் போனேன். சப்பாத்து ஒரு அளவு சின்னது. பத்து மணிக்கு வருகிற அழைப்புக்கு நான் கதவு திறக்க முதலே போய் நின்றேன். நின்றேன் என்பதும் பொய். நடந்தேன். படியில் ஏறினேன், இறங்கினேன், எங்கள் ஊர்த் தெருவில் மாடு போலத் திரிகிற மான்கள் மதிலோரம் படுத்திருந்தன, அவற்றைச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் மான்கள் எழும்பி வேறு இடம் போய்ப் படுத்தன.

தபால் கந்தோர் பியோன் என்னை ஏற்கெனவே அறிந்தவன். "அண்ணை, வாசலைத் தேய்ச்சு முடிச்சிட்டீங்கள்," என்றான். "அங்கால எங்கயாவது போய்த் தேயுங்கோ. அழைப்பு வந்தா நான் சத்தம் வைக்கிறன்."

அங்கால என்று அவன் காட்டிய பக்கம் பங்கு மண்டபம். அதன் பின்னறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. டெலிபோன் பகுதியில் வேலை செய்து பென்சன் எடுத்த சில பேர் சேர்ந்து, கழித்துப் போட்ட பழைய சாமான்களைப் பொறுக்கி, பங்குச் சாமியாரிடம் அறை கேட்டு வாங்கி, சனி ஞாயிறுகளில் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் இல்லை, கட்டணம் இல்லை. பார்க்க ஆளும் இல்லை. எனக்கு அப்போதுதான் மண்டையில் பட்டது. போன் பேசத் தெரியாதவனுக்குப் போன்கள் நிறைந்த ஒரு அறை, அழைப்பு வருகிற இடத்துக்கு எதிரிலேயே. மாதாவே பார்த்துத் திறந்து வைத்திருக்கிறாள்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர், ஸ்டூலில் இருந்து ஒரு பித்தளை மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் கவுன் போட்ட, மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்தவர். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

"வாங்கோ தம்பி. பாக்க வந்தனீங்களோ, மழைக்கு ஒதுங்கினீங்களோ?"

வெளியே வெயில் கொளுத்தியது.

"நான் டெலிபோன் பகுதிதான், மிஸ்," என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

மீசைக்காரர் மணியிலிருந்து தலையைத் தூக்கினார். "லைன்மனா இருந்தனான் நான். உன்னைத் தெரியும். நீ குழி வெட்டுற ஆள் எல்லோ?"

"அந்தப் பகுதிதான்," என்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். சுவர் அகலத்துக்கு ஒரு மரப் பெட்டி, பெட்டி முழுக்க ஓட்டைகள், ஓட்டைகளுக்குக் கீழே பாம்புக்குட்டிகள் போல வயர்கள். அதில்தான் துறைமுகம், ஆஸ்பத்திரி, கச்சேரிக் கந்தோர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டாராம். வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன இரும்புப் போன் ஒன்று, தூக்கினால் அலவாங்குப் பாரம். மூன்று நிமிடம் அளக்கிற மணல் கண்ணாடி. அவர் ஒன்றைச் சொல்லி முடிக்க முதல் நான் வாசலுக்குப் போய் பியோனைப் பார்த்துவிட்டு வருவேன். திரும்பி வந்தால் அவர் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்.

"இவனுக்கு வயித்துக் குத்தோ?" என்று மீசைக்காரர் கேட்டார்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று இருந்தது. கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்குகிற கோப்பை. பக்கத்தில் ஒரு அட்டை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். தம்பலகாமப் பாதையில் யானை சாய்த்த கம்பத்திலிருந்து எடுத்தது என்று போட்டிருந்தது. அந்தக் கம்பத்தை எனக்குத் தெரியும். வாய்க்காலோரம், களிமண். குழி வெட்ட அரை நாள் போனது, தண்ணீர் ஊறி ஊறி வந்தது.

"இது என்ர கம்பம்," என்றேன். "கோப்பையை வச்சிருக்கிறீங்கள். குழியைப் பற்றி ஒரு வரி இல்லை."

"குழியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க ஏலாதடா," என்றார் மீசைக்காரர்.

இனி மறைக்கப் பொறுமை இல்லை. மாமன், மட்டக்களப்பு, பத்து மணி, கந்தோர், எல்லாவற்றையும் கொட்டினேன். பேசத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

மிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அந்த அறையில் இரண்டு போன்களை மட்டும் அவர்கள் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள், வருகிற பிள்ளைகள் விளையாட. ஒன்று வாசல் மேசையில், மற்றது அலுமாரிக்குப் பின்னால். மிஸ் அலுமாரிக்குப் பின்னால் போனார். "நான்தான் மாமா. மணி அடிச்சா எடுங்கோ."

மணி அடித்தது. அடிக்கும் என்று தெரிந்தும் துள்ளிவிட்டேன். எடுத்தேன். மேசையில் மணல் கண்ணாடியை மீசைக்காரர் கவிழ்த்து வைத்தார்.

"ஹலோ, தம்பியோ கதைக்கிறது?"

நான் வலது கையை மேலே தூக்கினேன்.

"ஹலோ? ஆள் நிக்கிறீங்களோ?"

திரும்பவும் தூக்கினேன், இன்னும் உயரமாக.

"தம்பிக்குப் பெம்பிளையைப் பிடிச்சிருக்கோ?"

தொப்பியைக் கழற்றினேன்.

மீசைக்காரர் ஸ்டூலில் இருந்து சரிந்து விழப் பார்த்தார். அவருக்குத்தான் அது விளங்கும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக் குரல் போகாது, காற்று கொண்டுபோய்விடும். அதனால் எங்கள் கூட்டத்தில் எல்லாம் கைப் பாஷை. கையைத் தூக்கினால் இழு. குறுக்கே வீசினால் நிற்பாட்டு. தொப்பியைக் கழற்றினால் எல்லாம் சரி, இறுக்கிக் கட்டு. தூரத்தில் இருக்கிற மனிதனோடு நான் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கதைத்திருக்கிறேன். வாய் கிட்ட நிற்கிறவர்களுக்கு.

"மிஸ்," என்று அவர் அலுமாரியைப் பார்த்துக் கத்தினார், "பொடியன் ஓம் எண்டு சொல்லிப்போட்டான். மூண்டு தரம்."

"கை வயருக்குள்ளால வராது தம்பி," என்றது என் காதுக்குள் மிஸ்ஸின் குரல். "வாயைத் திறவுங்கோ. தம்பி அங்க என்ன வேலை?"

"நான்..." தொண்டையைச் செருமினேன். "கம்பப் பகுதிக்குப் பொறுப்பா..."

"செருமாதேங்கோ. பொய் சொல்ல வாற ஆக்கள்தான் முதல்ல செருமிறவை."

"ஆழப் பகுதி மேற்பார்வை..."

"மாமா போனை வச்சிட்டார்," என்றார் மிஸ். டக் என்று சத்தம்.

திரும்ப மணி. திரும்ப எடுத்தேன். இந்த முறை தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். மட்டக்களப்பு தூரம் தானே. அலுமாரிக்குப் பின்னாலிருந்து மிஸ் காதைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். இடையில் சப்பாத்தைக் கழற்றி எறிந்திருந்தேன், குதி புண்ணாகிவிட்டது. மணல் விழுந்து முடிய முடிய மீசைக்காரர் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை முறை மாமன் போனை வைத்தார் என்று கணக்கில்லை. ஒருமுறை கூட எனக்குப் பெண் கிடைக்கவில்லை.

"குழி வெட்டுறன் எண்டு சொன்னா என்னடா குறைஞ்சு போகும்?" என்று மீசைக்காரர் கேட்டார்.

"பெம்பிளை போகும்."

"சொல்லாமல் கட்டினா, கலியாணத்துக்கு அடுத்த நாள் நீ அலவாங்கைத் தூக்க, அவள் என்ன எண்டு கேப்பாளே?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பகிடி ஒன்று. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் எதிர்ப் பக்கத்திலிருந்து பியோனின் சத்தம் வந்தது.

"அண்ணை. மட்டக்களப்பு. ஓடி வாங்கோ."

ஓடினேன். சப்பாத்து அங்கேயே கிடந்தது, தொப்பி மட்டும் திரும்பத் தலையில் ஏறியிருந்தது. மான் ஒன்றைத் தாண்டினேனா மான் என்னைத் தாண்டியதா தெரியாது. தபால் கந்தோரின் மரக் கூண்டுக்குள் பியோன் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினான். போனைக் காதில் வைத்தேன். முதலில் அந்த இரைச்சல் கேட்டது. ஊ என்று, கம்பத்தில் காதை வைத்தால் வருகிற அதே இரைச்சல் மாதிரி. மந்திரிமார் இல்லை. அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் வந்தார்.

"ஹலோ. தம்பியோ?"

என் கை மேலே போனது. கூண்டின் கூரையில் இடித்தது. வலித்ததில் "ஓம்" என்று வாயும் திறந்துவிட்டது.

"நல்லது. தம்பி அங்க கந்தோரில என்ன வேலையில இருக்கிறீங்கள்?"

தொண்டை செருமலுக்குத் தயாரானது. விழுங்கினேன். வாய்க்காலோரக் களிமண் நினைவுக்கு வந்தது. மட்டக்களப்புக் கம்பி அந்தப் பாதையால்தான் வருகிறது.

"குழி வெட்டுறனான், ஐயா," என்றேன். "கந்தோர் இல்லை. அது அத்தான் சொன்னது. ஆனா நீங்கள் இப்ப கதைக்கிற கதை நான் நட்ட கம்பத்துக்கு மேலாலதான் வருது."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் மட்டும். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். யானைதான் என்று நினைத்தேன். பிறகு, மாமனுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். பூவரசங் கிளைக்குக் கீழே கேட்ட அதே சிரிப்பு. நான் கூண்டுக்குள் தொப்பியைக் கழற்றினேன். மாமன் தொண்டையைச் செருமினார். செருமிவிட்டுச் சொன்னார், தம்பி, இந்தக் கலியாண விசயத்தில...

"இஞ்சாருங்கோ. தேசிக் கண்டு வேர் காயுது. குழி வெட்டித் தாறன் எண்டு காலமை சொன்னீங்கள், மறுகா எழுதலாம்."

இந்த வரியை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அந்தச் சிரிப்புக்காரி கேட்கவில்லை. பின்வளவில், நடாமல் கிடக்கிற எலுமிச்சங் கன்றுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். கையைக் குறுக்கே வீசுகிறாள்.