மிஷின் வாயில் ஒரு காந்தம்

பேரிகை ஊரில் நாராயணப்பனின் மாவு மிஷினில் கேழ்வரகு கொட்டுகிறவள் செல்லி. அவளுக்கு இடது கண் இல்லை. களத்தில் மாடுகளை ஓட்டிக் கதிரை மிதிக்கவிடும்போது லாடத்து ஆணி கழன்று தானியத்தோடு வந்துவிடும். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து அறுப்பில் அப்படி வந்த ஆணி ஒன்று கல்லிடுக்கில் சிக்கித் தெறித்து, மிஷின் வாயருகே குனிந்திருந்தவளின் கண்ணைக் கொண்டுபோனது. இனி அந்தப் பக்கமே போகாதே என்றான் புருஷன் சென்றாயன். புண் ஆறியதும் போனாள். போனவள் நாராயணப்பனை நச்சரித்து, பெங்களூரிலிருந்து கனத்த காந்தம் ஒன்றை வாங்கிவரச் செய்து, வாயின் குறுக்கே மாட்டவைத்தாள்.

காந்தத்தின் குணம் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஆணியென்றால் தாவி இழுத்துக்கொள்ளும். கல், பித்தளைத் திருகு, உடைந்த வளையல் எதையும் அது சட்டை செய்யாது; அவற்றை முறத்தில் அவள்தான் பொறுக்க வேண்டும்.

வம்பு வெங்கடப்பனால் வந்தது. வண்டி வண்டியாகக் கேழ்வரகு கொண்டுவருகிற பெரிய விவசாயி. கேழ்வரகில் இரும்புச் சத்து உண்டென்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். அதைக் காந்தம் உறிஞ்சிவிடுகிறது, களி தின்றும் ஆட்களுக்குத் தெம்பில்லை, கழற்றினால்தான் மூட்டையை இறக்குவேன் என்று நின்றார். நாராயணப்பன் உடனே கழற்றினார்; மூட்டைகள் இறங்கின.

செல்லி அதை அவர் கையிலிருந்து வாங்கி, வெங்கடப்பனின் மூட்டைக்குள் விட்டுத் துழாவி எடுத்தாள். ஓர் ஆணி வந்தது. காந்தத்தின் முனைகளில் மயிர் முளைத்தாற்போலக் கருமணல். கேழ்வரகு ஒரு மணிகூட ஒட்டவில்லை.

“கறுப்பா ஒட்டிக்கினு வருது பாரு, அதாண்டி சத்து,” என்றார் வெங்கடப்பன்.

“அது உங்க களத்து மண்ணுங்க. அதான் சத்துன்னா ஓடையில கூடை கூடையா கெடக்குது. அள்ளியாந்து தர்றேன், களி கிண்டித் தின்னுங்க.”

காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாராயணப்பன் அதட்டினார். காந்தமில்லாமல் கொட்டு, முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செல்லி கேழ்வரகு அள்ளிக் கொட்டும் படியைக் கீழே வைத்தாள்.

“ஒரு கண்ணக் குடுத்தாச்சு மொதலாளி. மிச்சத்த அந்த முனீஸ்வரனே வந்து கேட்டாலும் தரமாட்டேன். சத்து வேணுங்கறவரு கொட்டட்டும்.”

வெங்கடப்பன் ரோஷத்தோடு படியை எடுத்தார். மிஷின் ஓடியது. முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கொட்டினார். பாதிக்கு மேல் தரையில் சிந்தியது. இரண்டாம் படிக்குக் கை போகவில்லை. மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

இதைப் பார்த்தபின் வேறு ஆளும் கொட்ட வராது என்பது நாராயணப்பனுக்குப் புரிந்தது. காந்தத்தை எடுத்து மாட்டினார். வெங்கடப்பனின் வண்டிகள் அதன்பின் ஓசூருக்குப் போயின. மழைக்காலம் முழுக்க நாராயணப்பன் அதைச் சொல்லியே செல்லியைத் திட்டினார். அவளும் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. கொட்டுகிற கையை மட்டும் நிறுத்தவில்லை.